வேணாம் பாட்டு

எங்கள் பக்கம் நலங்கில் உட்கார்ந்த பொண்ணும் மாப்பிள்ளையும் பாட்டு முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பாட்டு முடிவது என்றால் பாடுகிறவர்கள் களைத்துப்போய் நிறுத்துவது இல்லை. பாடுகிற பெண் "சரி மாமா" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை விழுந்த பிறகுதான் பந்தியில் இலை போடுவார்கள். அதற்கு முன்னால் எழுந்துவிட்டால் அந்தக் குடும்பம் விளங்காது என்று எல்லாரும் நம்பினார்கள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்த நானும் நம்பினேன்.

வேணாம் பாட்டு என்று பேர். ஆண் ஒவ்வொன்றாக வாங்கித் தருகிறேன் என்பான். பெண் ஒவ்வொன்றையும் வேணாம் என்பாள், அதற்கு ஒரு காரணமும் சொல்வாள். இரண்டுமே அங்கேயே, அப்போதே கட்டினது. கல்யாண வூட்டுக்கு ஏற்ற மாதிரி, வந்திருக்கும் ஜனத்துக்கு ஏற்ற மாதிரி மாறும். கடைசி மட்டும் மாறாது. எல்லாம் தீர்ந்துபோய் அவன் கையை விரிப்பான்:

கையில ஒண்ணும் இல்லடி புள்ளே
கடன் கேக்க மனசும் இல்ல
நான் மட்டும் வரட்டுமா?

அப்புறம் டோலக்கில் முடிவுத் தட்டு தட்டுவான். அவள் சொல்வாள்:

சரி மாமா சரி மாமா
வெறுங்கையோட வந்தாச் சரி.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலம் சுற்று வட்டாரத்தில் இந்தப் பாட்டுக்கு ஒரு ஜோடியை விட்டால் வேறு ஆள் கிடையாது. புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேருமே நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில்தான் இருந்தார்கள். டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைக்காமல், வூட்டில் சும்மா உட்காரவும் பிடிக்காமல், நான் அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதப் போய்க்கொண்டிருந்தேன். கிருஷ்ணருக்கும் எழுதுவேன், முயலுக்கும் எழுதுவேன். அந்த அக்கா பக்கத்து ஷெட்டில் அச்சு வார்ப்பவள். பிளாஸ்டர் அச்சுக்குள் மண்கூழை ஊற்றி, ஓரம் இறுகினதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் பொம்மை ஈரத்தோடு நிற்கும். அவருக்குச் சூளையில், கரண்டுக்குப் போடுகிற பீஸ் கட்டைகளை அடுக்கும் வேலை. கறுத்து, நெட்டையாக, வாய் நிறைய வெற்றிலையோடு இருப்பார். ஷெட்டில் அவரைப் பார்த்தால் இவரா அப்படிப் பாடுகிறவர் என்று இருக்கும்.

பெரியம்மா மகள் கல்யாணத்தில்தான் முதல் தடவை கேட்டேன். அன்றைக்கு அவர் எடுத்தவுடனே இப்படிப் போட்டார்:

மங்கலம்பேட்டை பாய் கடையில
மடிப்புக் கலையா ஃபாரின் சேலை
வாங்கி நானும் தரட்டுமா?

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றாள். பிறகு:

ஃபாரின் சேலை வேணாம் மாமா
பஸ்ஸுல நான் ஏறிப் போனா
கண்டக்டரு எழுந்து நிப்பான்
காசு கேக்கக் கூச்சப்படுவான்.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரேடியோவில் கேட்கும் காதல் பாட்டெல்லாம் அன்றோடு சப்பென்று ஆகிப்போனது. எனக்கும் ஒருத்தன் வந்து உலகத்தில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், நானும் வேணாம் வேணாம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் வெறுங்கையோடு வந்து நிற்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் வூட்டுக் கல்யாணம் என்று பார்ப்பதே இல்லை. அழைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேத்தியாத்தோப்பாக இருந்தாலும் பஸ் ஏறிவிடுவேன். அம்மா திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

பாட்டு கெட்டுப்போனது ஒரு குடிகாரனால். அவன் குடித்திராவிட்டாலும் வேறு ஒருத்தன் செய்திருப்பான்.

அந்த இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. கல்யாணமாகி வருஷம் பல ஓடிவிட்டது. ஊருக்கே தெரியும். ஒரு நலங்கில், பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, குடித்துவிட்டு வந்திருந்த மாப்பிள்ளையின் மாமன் முறைக்காரன் ஒருத்தன் எழுந்து நின்று, "வளையலு, சேலைன்னே எவ்ளோ நாளுய்யா குடுப்ப? அதுக்கு ஒரு தொட்டில் வாங்கிக் குடேன்" என்றான். ஆம்பளைகள் பக்கம் ஒரே கைதட்டல். பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கூட்டம் ஒன்றைக் கேட்டால் பாடியாக வேண்டும் என்பது அந்தப் பாட்டின் வழக்கம். அவர் அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் பாடினார்:

தேக்குமரத் தொட்டில் செஞ்சு
தெருவழியாத் தூக்கி வந்து
வூட்டுக்குள்ள கட்டட்டுமா?

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுத்த வரியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

தொட்டில் வேணாம் போ மாமா
ஆஸ்பத்திரி பெஞ்சியில
ஒத்தையில நான் இருந்தேன்
ஒன் பேரையும் கூப்பிட்டாங்க
ஒன்னக் காணோம் போ மாமா.

பந்தல் இடிந்துவிடுகிற மாதிரி சிரித்தார்கள். விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் சோதனைக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் போயிருக்கிறாள், இவர் போகவில்லை. இவ்வளவு நாளும் மலடி என்று ஊர் பேசியதற்கு அவள் ஒரே ஒரு தடவை மைக்கில் பதில் சொல்லியிருந்தாள்.

மறுநாள் சூளையில் அவரை விடவில்லை. யாராவது அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அவர் திரும்பினால், "இருக்கியா? காணோம்னு சொன்னாங்களே" என்பான். வாரக் கணக்கில் இது ஓடியது. டீக்கடையிலும் ஓடியது. மூத்திரம் போய்விட்டு வந்தால்கூட, "கூப்பிட்டாங்களா, போனியா?" என்று கேட்டார்கள். அவர் முதலில் சிரித்தார். பிறகு வெற்றிலை போடுவதை விட்டார். அப்புறம் ஷெட்டு வாசலில் அக்காவைப் பார்த்தாலும் பேசாமல் போக ஆரம்பித்தார்.

ஆனால் பாட்டுக்கு மட்டும் ஏகப்பட்ட கிராக்கி. நலங்கு வைக்கிறவர்கள் எல்லாம், "அந்தத் தொட்டிலையும் பாடிருங்க" என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதைப் பார்க்கிறதுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவரும் பழிக்குப் பழி வாங்க ஆரம்பித்தார். ஒத்தையில் இருக்கிறாயே, துணைக்குத் தங்கச்சி ஒன்று கட்டிக்கொண்டு வரட்டுமா என்று பாடினார். தங்கச்சி என்றால் சக்களத்தி. அதற்கு அக்கா சொன்னதை எங்கள் ஷெட்டில் இப்போதும் சொல்வார்கள்:

தங்கச்சி வேணாம் போ மாமா
இருக்குறது ஒரு தலகாணி
அதுலயும் பாதி ஒன் எண்ணெ.

இதற்கும் சிரிப்புதான். ஆனால் அவர் மூளையில் அந்தத் தங்கச்சி போய் உட்கார்ந்துவிட்டாள். பாட்டுக்காகச் சொன்னது கொஞ்ச நாளில் நிஜமாகவே பெண் பார்க்கிற வேலையாகிவிட்டது. விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கிற மங்களூர்ப் பக்கம் ஒரு பெண். பெண்ணின் அப்பா விவரமானவர். நல்ல வேலை, பாட்டுக்காரன் என்ற பேர், எல்லாம் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மூத்தவள் இருக்கும்போது இரண்டாவது கட்டினால் சட்டப்படி செல்லாது, மூத்தவள் ஒரு மனு போட்டால் கம்பெனி வேலை போய்விடும் என்று அந்த அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூத்தவள் தன் வாயால், நாலு பேர் முன்னாடி, சரி என்று சொல்ல வேண்டும்.

இதை எனக்குச் சொன்னது அக்காதான். மதியம் சாப்பாட்டு நேரத்தில், தூக்குவாளியைத் திறந்துகொண்டே, வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாள். புருஷன் வூட்டில் கேட்டாராம், கெஞ்சினாராம், அடித்தும் பார்த்தாராம். அவர் அம்மா வந்து அழுதாளாம். இவள் மாட்டேன் என்றுவிட்டாளாம்.

"சொல்லவே மாட்டீங்களாக்கா?" என்றேன்.

"சொன்னா அப்புறம் நான் யாரு? அவன் வூட்டுல தண்ணி எடுத்து ஊத்துற ஆளு" என்றாள். "சொல்லாத வரைக்கும் நான் அவன் பொண்டாட்டி. அவனுக்கு அது கசக்குதுன்னா கசக்கட்டும்."

மனு போட்டுவிடுங்கள், வேலை போனால் புத்தி வரும் என்றேன். எனக்கு அந்த வயசில் எல்லாவற்றுக்கும் மனுதான் மருந்து. அதற்கு அவள், வேலை போனால் பகலெல்லாம் வூட்டிலேயே கிடப்பான், அந்தக் கஷ்டத்தை யார் படுவது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த மாசமே எங்கள் ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கண் எழுதுகிற பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மங்களூர்ப் பக்கம். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பெண் என்பதால் அக்கா பாட வர ஒத்துக்கொண்டாள். புருஷனோடு ஒரே பஸ்ஸில் வராமல், எங்களோடு நடந்து வந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். பந்தலுக்குள் போனபோதுதான் முதல் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தேன். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை என்று ஒருவரைக் காட்டினார்கள். அவர் பக்கத்தில் தாவணி போட்ட மகள். அக்கா புருஷனுக்குப் பார்த்திருந்த பெண் அவள்தான். அக்கா அவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மைக் பக்கம் போய்விட்டாள்.

பாட்டு வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. கொலுசு, வேணாம். சைக்கிள், வேணாம். தொட்டிலும் வந்தது, கூட்டம் சிரித்தது. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணப் பெண் திரும்பி, "ஏய், சீக்கிரம் முடிக்கச் சொல்லுடி, எனக்கு ஒண்ணுக்கு முட்டுது" என்று காதோடு சொன்னாள். காலையிலிருந்து அவளை யாரும் நகரவிடவில்லை.

அவர் டோலக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். கையில ஒண்ணும் இல்லடி புள்ளே என்று வரப்போகிறது என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். வரவில்லை.

ஒத்தையில நீ இருக்க வேணாம்
ஒனக்கு ஒரு தங்கச்சிய
கூட்டிக்கிட்டு வரட்டுமா?

பாடிவிட்டு, முடிவுத் தட்டைத் தட்டினார்.

அந்தத் தட்டு விழுந்தால் அவள் வேணாம் என்று சொல்ல முடியாது. சரி என்றுதான் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னாடி, பெண்ணின் அப்பா முன்னாடி, அவள் வாயால். அவள் சொல்லாவிட்டால் நாற்காலியில் இருக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாது.

அக்கா பாடவில்லை. மைக்கில், ராகம் இல்லாமல், கடையில் சாமான் வேண்டாம் என்கிற மாதிரி, "வேணாம்" என்றாள்.

அவர் மறுபடியும் தட்டினார். அவள் மறுபடியும் வேணாம் என்றாள். முதலில் இதுவும் ஒரு தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் மூன்றாவதாகத் தட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. சமையல்காரர் எட்டிப் பார்த்தார். பின்னால் குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக, சொல்லும்மா, முடிம்மா என்றார்கள். அதட்டலாகவும் சொன்னார்கள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. டோலக்கைப் பார்த்துக்கொண்டு, ஆணி அடிக்கிற மாதிரி, தட்டிக்கொண்டே இருந்தார்.

பொம்பளைகள்தான் மோசம். கல்யாணப் பெண்ணின் அம்மா மேடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி, எங்களுக்கெல்லாம் பலகாரம் கொடுத்து அனுப்புகிறவள்.

"ஒரு வார்த்தைதானேம்மா. எம் பொண்ணு மொகத்தப் பாரு. பாட்டுல சொல்றதுக்கு என்னா வந்துது?"

"அவுங்க பாட்டுக்காகவா கேக்குறாங்க?" என்றாள் அக்கா. அது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

அந்த அம்மா கையை விட்டுவிட்டு இறங்கிப் போனாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி முடித்து வைத்தாள். மலடி வாயில் எங்கே நல்ல வார்த்தை வரும், அவளைக் கூப்பிட்டது நம்ம தப்பு என்று, மைக் தேவைப்படாத குரலில் சொன்னாள். யாரும் அவளை அடக்கவில்லை. நாற்காலியில் கல்யாணப் பெண் அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். அதையும் அக்கா கணக்கில்தான் எழுதினார்கள்.

அக்கா அசையவில்லை. கனகாம்பரம் தோளில் சரிந்து கிடந்தது. அவள் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும், பெண்ணின் அப்பா எழுந்து போய்விடுவார், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டும் விட்டார்.

அப்போதுதான் அந்தத் தாவணிப் பெண் எழுந்தாள்.

அப்பா கையைப் பிடித்தார், உதறிவிட்டு வந்தாள். எதற்கு வந்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆசையில் வந்தாளா, பசியில் வந்தாளா, நலங்கு பாதியில் நிற்கிறதே என்ற பயத்தில் வந்தாளா. என்னைப்போலவே எங்கெங்கோ அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, கடைசி வரி வராமல் அவளாலும் உட்கார்ந்திருக்க முடியாமல் போயிருக்கலாம். நேராக மேடையில் ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு மைக் எட்டவில்லை. மைக் செட்டுக்காரன் ஓடிவந்து கீழே இறக்கிவிட்டான்.

சரி மாமா சரி மாமா
வெறுங்கையோட வந்தாச் சரி.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். கல்யாணப் பெண் எழுந்து உள்ளே ஓடினாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். பின்பக்கம் இலை விழும் சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா துண்டை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் நிபந்தனை போட்டது மூத்தவளுக்கு. இப்போது அவர் மகளே, ஊரே பார்க்க, ஒரு ஆம்பளையைப் பார்த்துச் சரி மாமா என்று சொல்லிவிட்டாள். பாட்டுதான், ஆனாலும் சொல்லிவிட்டாள். இனிமேல் அவளை வேறு எவன் கட்டுவான்? மூத்தவள் சரி சொன்னாளா இல்லையா என்று அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை.

அக்கா மேடையை விட்டு இறங்கினாள். பந்திக்குப் போகிற கூட்டம் அவளைத் தாண்டி ஓடியது. அவளுக்கும் சேர்த்து ஒரு இலையில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில் அவர் அந்தப் பெண்ணைக் கட்டினார். மனு எதுவும் போகவில்லை. அக்கா ஜங்ஷன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வேலைக்கு வந்து போனாள். ஷெட்டில் எல்லாரும் அவளிடம் சாதாரணமாகத்தான் பேசினார்கள். நலங்கைக் கெடுக்கப் பார்த்தவள் என்பதால் அவள் கையால் குங்குமம் மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

புது ஜோடியும் பாடப் போனார்கள். நானும் போய்க் கேட்டேன், போகாமல் இருக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் குரல் அக்கா குரலைவிட நல்ல குரல். சரி மாமா என்று அவள் சொல்லும்போது பந்தலே குழைந்துபோகும். ஆனால் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் சேலை என்றால், சேலை வேணாம் மாமா என்பாள், அதற்கு மேல் வராது. முழிப்பாள். அவர் அடுத்ததுக்குத் தாவுவார். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு நேரமாகிறதே என்கிறவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. மற்றவர்கள் வாய்விட்டே சொன்னார்கள், மூத்தவ இருந்தப்ப சூடா இருந்துது, இது என்னா பச்சத்தண்ணி என்று. கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு மதியம் அந்தப் பெண் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, அச்சு ஷெட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மங்கவில்லை. அக்கா ஒரு அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளோடு சாப்பிடத் தூக்குவாளியோடு அப்போதுதான் உள்ளே வந்தேன். ஷெட்டில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்தாமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டார்கள்.

"அக்கா," என்றாள் அந்தப் பெண். "அவரு அனுப்புனாரு. வேணாம்னு சொல்றது எனக்குச் சரியா வரல. ஒங்ககிட்ட ரெண்டு மூணு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு."

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் நிற்கிற மாதிரி நின்றாள். இடது கை மணிக்கட்டில் வளையலுக்கு மேலே நீளமாக ஒரு தடிப்பு இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிரித்த அச்சிலிருந்து பொம்மையை எடுத்துப் பலகையில் வைத்தாள். அடுத்த அச்சை இழுத்துக் கூழை ஊற்ற ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் சொல்லிக் குடுத்து வர்ற சமாச்சாரம் இல்லம்மா" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் அவன்கூடக் குடும்பம் நடத்து. தானா வரும்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பாடம் புரிந்த மாதிரி ஆட்டினாள். "போயிட்டு வரேங்க்கா" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் சூளைப் பக்கம் நடந்தாள். அவர் அங்கே காத்திருந்தார்.